தேயும் ஒலி: கிட்டார் கலைஞர்கள் கண்ட வழிகள்



‘உலகின் தலைசிறந்த கிட்டார் கலைஞர்கள்’ என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். தலைப்பு நான் கொடுத்ததல்ல. யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசை போடும் வேலையை நான் செய்யப்போவதில்லை. அந்தச் சண்டைக்கு முடிவும் கிடையாது, அதனால் நம் காதுக்கு ஒரு லாபமும் கிடையாது. ஒருவருடைய வாசிப்பை இரண்டு நொடி கேட்டதுமே ‘இது அவர்தான்’ என்று சிலரால் சொல்லிவிட முடிகிறதே, அது எப்படி? அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

என் பக்கத்தில் இருப்பது சாதாரண ஆறு தந்திக் கிட்டார். இதோ, ஒரு தந்தியை மீட்டுகிறேன். கவனித்தீர்களா? பிறந்த கணத்தில்தான் அது உரக்க ஒலித்தது. அடுத்த கணத்திலிருந்தே தேய ஆரம்பித்துவிட்டது. நாகஸ்வரக்காரர் மூச்சுள்ள மட்டும் ஒரு ஸ்வரத்தில் நிற்கலாம். வயலின்காரர் வில்லை மாற்றி மாற்றி இழுத்து அதே ஸ்வரத்தை நடுவழியில் பெருக்கலாம், சிறுக்கலாம். தந்தியை விட்டுவிட்ட கிட்டார்காரருக்கு அந்த ஒலியின் மேல் அநேகமாக எந்த அதிகாரமும் இல்லை. இது முதல் குறை. இரண்டாவது குறை கழுத்தில் பதித்திருக்கும் மெட்டுகள். அரை ஸ்வரத்துக்கு ஒரு மெட்டு. இரண்டு மெட்டுக்கு நடுவில் இருக்கும் ஒலியைக் கருவி தானாகத் தராது.

வீணைக்கும் மெட்டு உண்டே, அதுவும் மீட்டும் கருவிதானே என்று முன்வரிசையில் ஒருவர் முகத்தில் கேள்வி தெரிகிறது. உண்மை. ஆனால் வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கின்றன. தந்தியைப் பக்கவாட்டில் தாராளமாக இழுக்க இடம் இருக்கிறது. கமகம் அங்கேதான் குடியிருக்கிறது. கிட்டாரை ஐரோப்பியர்கள் அதற்காகச் செய்யவில்லை. பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்கத்தான் செய்தார்கள். அதற்குத் தாழ்ந்த மெட்டும் நெருங்கிய தந்தியும் போதும்.

என் கட்சி இதுதான். கிட்டாரில் பெயர் பெற்ற ஒவ்வொரு பாணியும் இந்த இரண்டு குறைகளுக்கு யாரோ ஒருவர் கண்ட பதில். சிலர் தேய்வை எதிர்த்தார்கள். சிலர் அதை ஏற்றுக்கொண்டு, அதையே அழகாக்கினார்கள். வேகம், விரல் வித்தை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஸ்பெயினில் தொடங்குகிறேன். இன்றைய கிட்டாரின் உடம்பை வடித்தவர் 19-ஆம் நூற்றாண்டில் அல்மேரியாவில் வாழ்ந்த அந்தோனியோ தே தோரெஸ். தச்சுத்தொழிலிலிருந்து வந்தவர். 1862-ல் அவர் ஒரு விசித்திரமான கிட்டார் செய்தார். முதுகும் பக்கங்களும் வெறும் அட்டை, மேல்பலகை மட்டும் நல்ல மரம். ஒலியின் உயிர் மேல்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காகச் செய்தது. அது இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோரெஸின் கிட்டாரை வாசித்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கோ தாரெகா. 1852-ல் பிறந்து 1909-ல் மறைந்தவர். கிரனடாவிலுள்ள அல்ஹம்பிரா அரண்மனையின் நினைவாக அவர் எழுதிய உருப்படி, தேய்வுக்கு எதிராகக் கைவிரல்கள் மட்டுமே நடத்திய போர். கட்டைவிரல் கீழ்த்தந்தியில் ஒரு ஸ்வரம் போடும். உடனே மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டிவிரல் மூன்றும் மேல்தந்தியில் ஒரே ஸ்வரத்தை வரிசையாக மூன்று முறை தட்டும். பிறகு மறுபடி கட்டைவிரல். ஒரு ஒலி தேயத் தொடங்குவதற்குள் அடுத்தது வந்து அதைத் தாங்கிக்கொள்வதால், கேட்பவருக்கு அறுபடாத ஓர் இழை கேட்பதாகவே தோன்றும். மூன்று விரலில் ஒன்று கொஞ்சம் சோம்பினாலும் இழை அறுந்தது தெரிந்துவிடும். மாணவர்கள் இந்த ஒரு உருப்படியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவது அதனால்தான்.

அடுத்த தலைமுறையில் அந்திரேஸ் செகோவியா. ஒலியை நீட்டுவதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. ஒலி நீடிக்கும் அந்தச் சிறு பொழுதில் அதற்கு எத்தனை நிறம் ஏற்றலாம் என்று பார்த்தார். நகமும் சதையும் சேர்ந்து தந்தியைத் தொடும் மீட்டு அவருடையது. முதலில் சதை படும், விடும்போது நகம். கழுத்துப் பக்கம் நகர்ந்து மீட்டினால் இனிப்பு, பிரிட்ஜ் பக்கம் போனால் உலோகக் கூர்மை. ஒரே ராகத்துண்டை இரண்டாவது முறை வாசிக்கும்போது கை சற்றே இடம் மாறும், நமக்கு வேறொரு கருவி வந்து சேர்ந்துகொண்டதுபோல் இருக்கும். பாஹ் வயலினுக்காக எழுதிய சக்கோனை 1935-ல் பாரிஸில் கிட்டாரில் வாசித்துக் காட்டினார். குடிசைக்கும் மதுக்கடைக்கும் உரியது என்று ஒதுக்கப்பட்ட கருவியைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆட்டுக்குடல் தந்திக்குத் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்தியைச் செய்து பார்த்தபோது ஊக்கம் கொடுத்தவரும் செகோவியாதான். மின் கிட்டாரை மட்டும் கடைசிவரை அவரால் சகிக்க முடியவில்லை. அந்த விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை.

இனி மெட்டுகளின் பக்கம் வருவோம். ஹவாய்த் தீவில் ஜோசப் கெகூகூ என்ற இளைஞர், 1889 வாக்கில், கிட்டாரை மடியில் கிடத்தி ஒரு எஃகுத்துண்டைத் தந்திகளின் மேல் நழுவவிட்டு வாசித்தார். மெட்டின் ஆட்சி அங்கே முடிந்தது. எந்த இரண்டு ஸ்வரத்துக்கும் நடுவிலுள்ள வழி முழுவதும் திறந்துகொண்டது. கோட்டு வாத்தியம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அமெரிக்காவுக்குப் புதிது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சிக்குப் பிறகு ஹவாய் கிட்டார் அந்த நாடு முழுக்கப் பைத்தியமாகப் பரவியது. மிசிசிப்பியின் கறுப்பினத்தவரிடம் இதே போன்ற வழக்கம் தனியாகவும் இருந்தது. 1903 வாக்கில் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைத் தந்தியில் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக டபிள்யூ.சி. ஹேண்டி தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கத்திக்குப் பதில் உடைந்த பாட்டில் கழுத்தை விரலில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

இந்த நழுவும் பாணியின் பேரப்பிள்ளைகள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். ஜோத்பூரில் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா, அலி அக்பர் கானிடம் கற்று, ஹவாய் கிட்டாரில் ராகம் வாசித்தார். 1967-ல் ஷிவ்குமார் சர்மாவும் ஹரிபிரசாத் சௌராசியாவும் அவரோடு சேர்ந்து வெளியிட்ட ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டு உங்களில் பலர் வீட்டில் இருந்திருக்கும். ஜெய்ப்பூரின் விஷ்வ மோகன் பட், கூடவே அதிரும் துணைத்தந்திகளை ஏற்றிக் கருவியையே மாற்றியமைத்து, மோகன வீணை என்று பெயரிட்டார். அமெரிக்கர் ரை கூடரோடு அவர் வாசித்த பதிவுக்கு 1994-ல் கிராமி விருது கிடைத்தது. துணைத்தந்தி என்பதும் தேய்வுக்கு ஒரு பதில்தான். மீட்டிய தந்தி ஓய்ந்த பிறகும் மற்றவை முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது பி.பி. கிங். இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1925-ல் மிசிசிப்பியின் பருத்தி வயல்களுக்கு நடுவே பிறந்தவர். இயற்பெயர் ரைலி கிங். அவருடைய தாய்வழி உறவினர் புக்கா ஒயிட், நழுவும் கிட்டாரில் கெட்டிக்காரர். 1946-ல் இளைஞர் கிங் மெம்ஃபிஸ் போய் அவரோடு தங்கினார். உறவினர் கையிலிருந்த அந்த எஃகுக்குழாய் ஒலி அவரை ஆட்டிவைத்தது. ஆனால் விரலில் குழாயை மாட்டிக்கொண்டு வாசிக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆகவே வெறும் விரலாலேயே அந்த ஒலியை எட்டிப் பிடிக்க முயன்றார். இடதுகை ஆள்காட்டிவிரல் தந்தியில் ஊன்றியிருக்கும். கட்டைவிரல் கழுத்தை விட்டு விலகிவிடும். முழு உள்ளங்கையும் விரிந்து படபடக்கும். அந்தப் படபடப்பில் ஸ்வரம் மேலும் கீழும் அசைந்து, நீடித்து, அழும். நம் காதுக்கு அது கம்பித கமகத்தின் தூரத்து உறவு. கூடவே, தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்வரத்தை உயர்த்துவார். செய்கை வீணைக்காரர் செய்வதேதான். கிட்டாரின் மெல்லிய எஃகுத்தந்தியும் ஆம்பிளிஃபயரும் அதைச் சாத்தியமாக்கின.

அவர் வாசித்ததைவிட வாசிக்காமல் விட்டது அதிகம். கார்டு வாசிப்பதில் தனக்குத் திறமை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். பாடும்போது கிட்டார் பேசாது, கிட்டார் பேசும்போது அவர் பாடமாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், லூசில் பதில் சொல்லும். லூசில் என்பது அவருடைய கிட்டாரின் பெயர். 1949-ல் ஆர்கன்சா மாநிலத்து ட்விஸ்ட் என்ற சிற்றூரில் நடன விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காக நடுவில் ஒரு பாத்திரத்தில் மண்ணெண்ணெய் எரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்கள் கைகலந்ததில் அது கவிழ்ந்து கட்டடம் தீப்பிடித்தது. வெளியே ஓடிவந்தவர் கிட்டாரை விட்டுவந்தது நினைவுக்கு வந்து மறுபடி உள்ளே ஓடினார். சண்டைக்குக் காரணம் லூசில் என்ற பெண் என்று பிறகு தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்ற நினைவூட்டலுக்கு அந்தப் பெயரையே கிட்டாருக்கு வைத்தார். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான கச்சேரியைக் கேட்டால், அந்தக் கருவிக்கு ஓர் ஆள் பெயர் பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்வீர்கள். ஒற்றை ஸ்வரத்தை அவர் நிறுத்திப் பிடிக்கும்போது அரங்கில் பெண்கள் கூவுவது பதிவில் கேட்கிறது. வேகமான பிருகா ஒன்றும் அங்கே இல்லை.

ஆம்பிளிஃபயர் பற்றிச் சொன்னேன். அதன் கதை சுருக்கமாக: முதலில் விற்பனையில் வென்ற மின் கிட்டார், 1931-ல் ஜார்ஜ் போஷாம் உருவாக்கி ரிக்கன்பேக்கர் நிறுவனம் வெளியிட்டது. உருண்டை உடம்பும் நீண்ட கைப்பிடியும் இருந்ததால் வாணலி என்று பட்டப்பெயர் வாங்கியது. அதுவும் ஹவாய் கிட்டார்தான், மடியில் வைத்து வாசிப்பது. பித்தளை வாத்தியங்களின் நடுவே கிட்டாரின் குரல் கேட்க வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். ஓக்லஹோமாவில் வளர்ந்த சார்லி கிறிஸ்டியன் 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து, சாக்ஸபோன்காரரைப்போல நீண்ட ஒற்றை வரிகளாகத் தனியாக வாசித்தார். தாளத்துக்கு உரசிக்கொண்டிருந்த கருவி முன்வரிசைக்கு வந்துவிட்டது. காசநோயில் 1942-ல் இறந்தபோது அவருக்கு வயது 25.

உரக்கக் கேட்பதற்காக வந்த பெட்டி வேறு ஒன்றையும் கொண்டுவந்தது. கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்தால் ஊளையிடுமே, அதேதான். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி தந்தியை மறுபடி அதிரவைக்கிறது, அந்த அதிர்வு பிக்அப் வழியாக மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகிறது, சுற்று முடிவதே இல்லை. பலருக்கு இது தொல்லை. பிற்காலத்தில் பி.பி. கிங்குக்காகக் கிப்சன் நிறுவனம் செய்த லூசிலில், இந்த ஊளையைத் தவிர்ப்பதற்காகவே மேல்பலகையில் துளைகளே போடவில்லை.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அந்த ஊளைக்குள் தானாகப் போய் நின்றார். தந்தி சாகாமல் இருக்க இதைவிட நேரான வழி வேறில்லை. 1942-ல் சியாட்டிலில் பிறந்தவர், இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாக மாட்டித் தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். பெரிய உள்ளங்கை. கட்டைவிரல் கழுத்தைச் சுற்றி மேலே வந்து கீழ்ஸ்தாயித் தந்தியை அழுத்தும். மற்ற நான்கு விரலும் மேலே சுதந்திரமாக அலையும். ஒரே ஆள் தாளத்துணையும் தனி வாசிப்பும் சேர்த்து வாசித்தது இப்படித்தான். 1969 ஆகஸ்ட் 18, திங்கள் காலை, வுட்ஸ்டாக் இசைவிழா. கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிவிட்டிருந்தது. அமெரிக்க தேசிய கீதத்தை எடுத்தார். கீதத்தின் ஒரு ஸ்வரத்தை நீட்டுகிறார், அது ஊளையாகிறது, பிரிட்ஜில் பொருத்திய அதிர்வுக்கம்பியை அமுக்க அந்த ஊளை குண்டு விழுவதுபோல் சரிகிறது, அப்புறம் மறுபடி கீதத்தின் அடுத்த ஸ்வரத்தில் சரியாக வந்து நிற்கிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவரும் முன்பு ராணுவத்தின் பாராசூட் படைப்பிரிவில் இருந்தவர். எதிர்ப்பா, பக்தியா என்று இன்றும் வாதாடுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது கட்டுப்பாட்டை. பெட்டியிலிருந்து எத்தனை அடி தள்ளி, எந்தப் பக்கம் திரும்பி நின்றால் எந்த ஸ்வரம் ஊளையிடும் என்று உடம்பாலேயே அறிந்தவர். மேடையில் கிட்டாரைக் கொளுத்தினார் என்பதையே பேசிக்கொண்டிருப்பது அவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

இதே வழியில் ஜெஃப் பெக்கையும் சொல்லாமல் போக முடியாது. அவர் ஒலியின் பிறப்பையே மறைத்தார். ஒலிக்குமிழைச் சுண்டுவிரலால் முழுக்கத் தணித்துவைத்துத் தந்தியை மீட்டுவார், பிறகு மெல்லத் திருப்புவார். மீட்டிய சத்தமே இல்லாமல் ஸ்வரம் எங்கிருந்தோ வந்து பெருகும். 1980-களில், மீட்டும் தகடான பிக்கைக் கைவிட்டு வெறும் கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் மாறினார். 1989-ல் வந்த ‘வேர் வேர் யூ’வில் மெட்டின் மேல் விரல் வைத்து வாசிக்கும் ராகமே குறைவு. அதிர்வுக்கம்பியை நுணுக்கமாக அசைத்தே பாடவைக்கிறார். பல்கேரியப் பெண்கள் குழுவின் பாட்டைக் கேட்ட பாதிப்பு அது.

மறுகட்சிக்கு வருகிறேன். ஒலி சாகட்டும், சீக்கிரம் சாகட்டும் என்றவர்கள் இவர்கள்.

ஃபிளமெங்கோ கிட்டாரைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருக்கும். மரபாக அதைச் சைப்ரஸ் மரத்தில் மெல்லியதாகச் செய்தார்கள். ஒலி பளீரென்று எழுந்து சட்டென்று அடங்கும். செகோவியாவுக்கு வேண்டிய நீண்ட இனிப்பு அதில் இல்லை. ஆடுபவர் காலடிக்கும் கைதட்டலுக்கும் நடுவே வாசிக்க வேண்டிய கருவி, ஒலி நீண்டால் தாளம் மங்கிவிடும். மேல்பலகையில் விரலால் தட்டுவதும் வாசிப்பின் பகுதி. தட்டித் தட்டிப் பலகை தேயாமலிருக்க ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். 1947-ல் அல்ஜெசிராஸில் பிறந்த பாக்கோ தே லூசியா இந்த வறண்ட ஒலியில்தான் வளர்ந்தார். ஆள்காட்டிவிரலும் நடுவிரலும் மாறி மாறி ஓடும் அவருடைய பிக்காடோ பிருகாவில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி முத்து. ஒன்றின் வால் அடுத்ததின் தலையில் படாது. கமரோன் தே லா இஸ்லா என்ற பாடகரோடு வாசித்த பதிவுகளில் அவர் இன்னும் பெரியவராகத் தெரிகிறார். பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் சொல்வதைச் சொல்லிவிட்டு விலகிவிடுவார். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர், 1991-ல் ரொத்ரிகோவின் அரன்ஹுயெஸ் கான்செர்ட்டோவை மனப்பாடம் செய்து வாசித்தார். எழுதியவரே எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஜாங்கோ ரைன்ஹார்ட் வேறு வகை. பெல்ஜியத்தில் 1910-ல் ரோமா குடும்பத்தில் பிறந்தவர். 1928-ல் பாரிஸ் புறநகரில் அவர் வாழ்ந்த வண்டிவீட்டில் தீப்பிடித்தது. மனைவி விற்பனைக்குச் செய்துவைத்திருந்த செல்லுலாய்ட் பூக்கள் பற்றிக்கொண்டன. இடதுகையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுருங்கிப்போயின. தனி வாசிப்பு முழுக்க இரண்டே விரலில். அதைச் சொல்லி வியப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். இரண்டு விரல் வாசிப்பின் விளைவைக் கேட்க வேண்டும். தந்திகளுக்குக் குறுக்கே போவதைவிட ஒரே தந்தியின் நெடுக்கில் ஓடுவது அவருக்கு இயல்பாயிற்று. அதனால்தான் அந்த வரிகள் வழுக்கிக்கொண்டு மேலே பாய்கின்றன. 1934-ல் வயலின்காரர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியோடு அவர் தொடங்கிய குழுவில் டிரம்ஸ் கிடையாது. இரண்டு கிட்டார்கள் கார்டை உரசி, உரசிய கணமே இடதுகையைத் தளர்த்தி ஒலியைக் கொன்றுவிடும். அந்தக் கொலைதான் தாளம்.

பிரேசிலின் ஜோவாவோ ஜில்பெர்டோ இதையே கிசுகிசுப்பில் செய்தார். கட்டைவிரல் பெரிய முரசின் வேலையைப் பார்க்கும், மற்ற மூன்று விரல்களும் சிறிய தாளக்கருவியின் வேலையை. 1958-ல் போசா நோவா என்ற பாணி பிறந்தது அந்தக் கையில்தான். இண்டியானாபொலிஸின் வெஸ் மான்ட்கோமரி பகலில் தொழிற்சாலை வேலை பார்த்து, இரவில் வாசித்தவர். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று பிக்கை விட்டுக் கட்டைவிரலின் சதையால் மீட்டப் பழகினார். ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசிப்பார். மெல்லிய மீட்டுக்கு அது உடம்பு கொடுத்தது.

இந்த இரண்டு கட்சிக்கும் பாலமாக ஜான் மெக்லாக்ளின். 1942-ல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸோடு வாசித்தார், மின் கிட்டாரில் இடியாக முழங்கினார். பிறகு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அந்தப் பாடம் நேராகக் கருவிக்குள் இறங்கியது. அவர் அமைத்த சக்தி குழுவுக்காக ஆபிரகாம் வெக்டர் செய்துகொடுத்த கிட்டாரில், மெட்டுகளுக்கு நடுவிலுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தது. விரலுக்குக் கீழே மரம் தடுக்காததால் தந்தியை வீணையில்போல இழுக்க முடிந்தது. ஒலித்துளையின் மேல் குறுக்கே ஏழு துணைத்தந்திகள். எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் சுற்றி நிற்க, வெளிநாட்டார் ஒருவர் கல்பனாஸ்வரத்துக்குச் சமமான உரையாடலில் ஈடுகொடுத்தார். குழு 1990-களின் கடைசியில் மறுபடி கூடியபோது சேர்ந்துகொண்ட யு. ஸ்ரீநிவாஸ் எதிர்த்திசையிலிருந்து வந்தவர். மாண்டலின் கிட்டாரைவிடச் சீக்கிரம் ஓயும் கருவி. இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தியாக்கி, மின்சாரத்தையும் சேர்த்துக் கமகத்துக்கு இடம் செய்தார். நம் ஊர் ஆர். பிரசன்னா மின் கிட்டாரிலேயே தந்தியை இழுத்தும் நழுவியும் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார். 2006-ல் அவர் வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் கணேஷாலேண்ட்’ ஹென்ட்ரிக்ஸுக்குச் செய்த காணிக்கை.

நேரம் கடந்துவிட்டது. ஒரு பதிவைப் போடச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். 1980 டிசம்பர் 5, சான் பிரான்சிஸ்கோ, வார்ஃபீல்ட் அரங்கம். பாக்கோ, மெக்லாக்ளின், அல் டி மியோலா மூவரும் கூடிய இரவு. முதல் உருப்படியில் மெக்லாக்ளின் இல்லை, மற்ற இருவர்தான். பிருகாக்கள் பறக்கும்போது கூட்டம் கத்தும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒருவர் பிக்கால் எஃகுத்தந்தியை மீட்டுகிறார், இன்னொருவர் வெறும் விரலால் நைலானை. ஸ்வரம் எங்கே முடிகிறது என்பதை மட்டும் கேளுங்கள். யார் பாக்கோ என்று நான் சொல்லப்போவதில்லை.